எண்ண அஞ்சுவது ஏன்?

மாந்தன் எண்ணுவதற்கென்றே பிறந்தவன் என்பர். ஆனால், உலகில் மாந்தன் மிகுதியும் தவிர்க்க விரும்புகின்ற உழைப்பு ஒன்று உண்டெனின், அஃது எண்ணுதலே ஆகும். கல் சுமக்கச் சொன்னால் சுமக்கின்றான். வெயிலில் நிற்கச் சொன்னால் நாள் முழுதும் நிற்கின்றான். தலைவர் வருகின்றார் என்றால் இரவெல்லாம் விழித்திருந்து தோரணம் கட்டுகின்றான். ஆனால், 'இதனை நீயே எண்ணிப் பார். உனக்கு எது சரியென்று படுகின்றதோ அதனைச் சொல்' என்று கேட்டவுடன் அவன் திரும்பித் திரும்பிப் பார்க்கின்றான். பக்கத்தில் இருப்பவன் என்ன சொல்லப் போகின்றான் என்பதே அவன் கவலை. தன் கையால் உண்பவனும், தன் காலால் நடப்பவனும், தன் தலையால் எண்ணுவதற்கு மட்டும் ஏன் இத்துணை அஞ்சுகின்றான்?

எண்ணும் ஆற்றல் அவனிடம் இல்லை என்று சொல்லிவிட்டால் கேள்வி எளிதாக முடிந்துவிடும். ஆனால், அஃது உண்மையன்று. திண்டுக்கல் மாவட்டத்தில், வத்தலக்குண்டை அடுத்து, கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்தையொட்டிக் கிடக்கும் சேவுகம்பட்டிப் பகுதியின் வாழையுழவர் ஒருவரை எடுத்துக்கொள்வோர் இவ்வுண்மையைக் கண்கூடாகக் காணலாம். அவர் கன்று வாங்கும்போது பிறர் சொல்லை நம்பி வாங்குவதில்லை. ஈட்டிபோல் கூர்ந்த இலை விட்ட கன்றா, அகன்ற இலை விட்ட நீர்க்கன்றா என்று பிரித்துப் பார்க்கின்றார். கிழங்கைச் சீவி, உள்ளே கூன்வண்டு குடைந்திருக்கின்றதா, வாடல் நோயின் கறை படிந்திருக்கின்றதா என்று புரட்டிப் புரட்டி ஆராய்கின்றார். சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் பெயர்பெற்ற மலைவாழைத் தோட்டங்களை முடிக்கொத்து நோய் சூறையாடிய பட்டறிவு அம்மண்ணுக்கு உண்டு. அந்நோயைத் தோட்டந்தோறும் பரப்புவது அசுவினிப் பூச்சி. புதிய ஊர்களுக்குக் கொண்டுசெல்வதோ, ஆராயாமல் வாங்கி நடப்பெற்ற நோய்க்கன்று. ஒரு கன்றை ஆராயாமல் நட்டால் ஒரு தோட்டமே அழியும் என்பதை அவ்வுழவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்க வேண்டியதில்லை.

இதே சேவுகம்பட்டியில், சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில், ஆண்டுதோறும் தைத்திங்கள் மூன்றாம் நாள் வாழைப்பழம் சூறைவிடும் விழா நடைபெறுகின்றது. வேண்டுதல் நிறைவேறியவர்கள் கூடை கூடையாகப் பழங்களைச் சுமந்து வந்து வீசுகின்றனர். திரண்டிருப்போர் அவற்றைப் பிடித்து மகிழ்கின்றனர். ஊர் ஒன்றுகூடி மகிழ்வது குற்றமன்று. தோட்டம் விளைந்த களிப்பை ஊரோடு பகிர்ந்துகொள்வதும் குற்றமன்று. கேள்வி வேறு. கன்று வாங்கும்போது நூறு முறை 'ஏன்' என்று கேட்ட அதே மூளை, கூடை தூக்கும்போது ஒருமுறையேனும் அச்சொல்லைச் சொல்லிப் பார்த்ததா? பிள்ளை பிறந்ததற்கும் பழம் வீசுவதற்கும் உள்ள தொடர்பு யாது? வேண்டியும் நிறைவேறாமற் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களை யார் எண்ணிக் கணக்கிட்டனர்? கன்றில் பிழைத்தது எத்தனை, பட்டது எத்தனை என்று கணக்கு வைத்திருப்பவர், வேண்டுதலில் அக்கணக்கை ஏன் வைத்திருப்பதில்லை? பட்ட கன்றுகளைக் கணக்கில் சேர்க்காத உழவர் எவரேனும் உண்டா?

இங்கேதான் நோயின் வேர் தெரிகின்றது. மக்கள் எண்ணத் தெரியாதவர்கள் அல்லர். எங்கே தவறாக எண்ணினால் இழப்புத் தமக்கு உடனே நேருமோ, அங்கே மிகக் கூர்மையாக எண்ணுகின்றனர். எங்கே தனியாக எண்ணினால் ஊரோடு முரண்பட நேருமோ, அங்கே எண்ணத்தை நிறுத்திக்கொள்கின்றனர். எனவே, எண்ணாமை என்பது அறிவின் குறைவன்று. அஃது ஒரு கணக்கு. தவறாக நம்புவதற்குக் கொடுக்கும் விலை சிறியது; தனித்து நிற்பதற்குக் கொடுக்கும் விலை பெரியது. சிறிய விலையைக் கொடுத்துப் பெரிய விலையிலிருந்து தப்பிக்கொள்வதே இக்கணக்கின் சாரம். ஆனால், அச்சிறிய விலையைக் கொடுத்துக் கொடுத்தே ஓர் இனம் தன் முதலையெல்லாம் இழந்துவிடும் என்பது இக்கணக்கில் வருவதில்லை.

செருமானிய மெய்யியலறிஞர் காண்டு 1784ஆம் ஆண்டில் அறிவொளி என்பது யாது என்னும் கேள்விக்கு விடை எழுதியபோது, பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் பிறர் கைப்பிடித்து நடப்பதற்குச் சோம்பலும் கோழைத்தனமுமே ஏதுக்கள் என்றார். தனக்காக எண்ண ஒரு நூலும், தன் மனச்சான்றைப் பார்த்துக்கொள்ள ஒரு சமயக் குருவும், தன் உணவை வகுத்துச் சொல்ல ஒரு மருத்துவரும் இருந்துவிட்டால் தான் வருந்த வேண்டியதில்லை என்று மாந்தன் கருதுவதை அவர் எள்ளி நகையாடினார். அவர் கூற்று உண்மையே. ஆனால், முழு உண்மையன்று. விடியற்காலையில் எழுந்து நீர் பாய்ச்சும் உழவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. காளையின் கொம்பைப் பிடிக்கும் இளைஞனைக் கோழை என்றும் சொல்ல முடியாது. உடலில் சோம்பலும் அச்சமும் இல்லாதவரிடத்தும் எண்ணத்தில் அவை வந்து குடியேறுவதற்கு வேறு ஏதுக்களும் உள்ளன.

முதலாவது, தனிமையச்சம். அமெரிக்க உளவியலறிஞர் சாலமன் ஆசு என்பார் 1950களில் ஓர் எளிய ஆய்வு செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, அதற்கு ஒத்த நீளமுடைய கோடு வேறு மூன்றனுள் எது என்று கேட்டார். சிறு பிள்ளையும் சொல்லக்கூடிய விடை. ஆனால், அறையில் இருந்தவருள் ஒருவரைத் தவிர ஏனையோர் அனைவரும் ஆய்வாளரால் முன்பே அமர்த்தப்பட்டவர்கள். அவர்கள் ஒரே குரலில் தவறான கோட்டைச் சுட்டினர். உண்மையறியாத அந்த ஒருவர் என்ன செய்தார்? தம் கண் கண்டதை விட்டுவிட்டுக் கூட்டத்தின் வாய் சொன்னதையே தாமும் சொன்னவர் பலர். நால்வருள் மூவர் ஒருமுறையேனும் அவ்வாறு வழுவினர். எல்லா விடைகளையும் கூட்டிப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்கிற்கும் சற்று மிகுதியானவை கூட்டத்தின் தவறான விடைகளாகவே இருந்தன. அவர்களை யாரும் அச்சுறுத்தவில்லை, ஊர்விலக்குச் செய்யவில்லை, கூலியை நிறுத்தவில்லை. முன்பின் அறியாத சிலர் முன்னிலையில், ஒரு கோட்டின் நீளத்திற்காகவே இத்துணை அச்சம்! அவ்வாறாயின், அண்ணனும் மாமனும் கடன் கொடுத்தவரும் பெண் கொடுத்தவரும் கூடியிருக்கும் ஓர் ஊரவையில் ஒருவன் தன் கண் கண்டதைச் சொல்வது எளிதா?

இரண்டாவது, வளர்ப்பு. மூன்றாண்டுக் குழந்தை ஒன்று ஒருநாளில் கேட்கும் 'ஏன்'களுக்கு அளவில்லை. அவற்றுக்கு வீட்டில் கிடைக்கும் விடைகளோ சிலவே. 'பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்', 'எதிர்த்துப் பேசாதே', 'அப்படித்தான்' - இவையே அவ்விடைகள். எஞ்சிய 'ஏன்'களைப் பள்ளி அடக்கிவிடுகின்றது. வினாவைத் தேர்வாளர் கேட்க வேண்டும். விடையை நூல் சொல்ல வேண்டும். மாணவன் இரண்டையும் சுமக்க வேண்டும் என்பதே அங்கு முறை. உரைநூலில் உள்ள விடையை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தவன் முதல் மதிப்பெண் பெறுகின்றான். தன் சொல்லால் எழுதியவன் மதிப்பெண் இழக்கின்றான். பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு பழக்கப்பட்டவன் இருபதாம் அகவையில் திடுமென்று தானே எண்ணத் தொடங்குவான் என்று எதிர்பார்ப்பது, காலைக் கட்டி வளர்த்த கன்று அவிழ்த்தவுடன் ஓடும் என்று எதிர்பார்ப்பதை ஒக்கும்.

மூன்றாவது, பிறர் எண்ணாமையால் வாழ்கின்றவர்களின் சூழ்ச்சி. எண்ணாத மக்கள் கூட்டம் சிலருக்கு நல்ல விளைநிலம். கோயிலை வைத்துப் பிழைப்பவர்க்கும், கட்சியை வைத்துப் பிழைப்பவர்க்கும், திரைப்படத்தை வைத்துப் பிழைப்பவர்க்கும், போலி வாணிகம் செய்து பிழைப்பவர்க்கும் அந்நிலம் பொதுவானது. அவரவர் விதைக்கும் விதை வேறு. உழும் முறை ஒன்றே. 'எல்லாரும் செய்கின்றார்கள், நீ மட்டும் ஏன் தயங்குகின்றாய்?' என்பதே அவ்வேர்முனை.

அவ்வேர்முனை எத்துணை ஆழம் பாய்கின்றது என்பதற்குத் தொலைவில் சென்று சான்று தேட வேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு செபுதம்பர் 21ஆம் நாள் பிள்ளையார் சிலைகள் பால் குடிக்கின்றன என்று தில்லியில் எழுந்த பேச்சு, பொழுது சாய்வதற்குள் இந்தியா முழுதும் பரவிக் கடல் கடந்தும் சென்றது. படித்தவர்களும் அலுவலர்களும் பால்செம்பும் கரண்டியுமாக வரிசையில் நின்றனர். பாலில் வண்ணம் கலந்து பார்த்த அறிவியலாளர்கள், பரப்பிழுவிசையால் பால் சிலையின் மேல் ஏறி மெல்லிய படலமாக அடியில் வழிந்தோடுவதைக் காட்டினர். அறிவியல் விளக்கம் பெரிய செய்தியன்று. வரிசையில் நின்றவர்களுள் இயற்பியல் படித்தோரும் இருந்திருப்பரே, அவர்கள் படித்த படிப்பு அன்று எங்கே போயிற்று என்பதே செய்தி. படிப்பு மூளையில் இருந்தது. கால் மட்டும் கூட்டத்தோடு நடந்தது.

சமயத்தில்தான் இவ்வாறு, பொருளில் மக்கள் விழிப்பாக இருப்பர் என்று கருதுவதற்கும் இடமில்லை. 2012ஆம் ஆண்டில் ஈரோட்டு மாவட்டம் பெருந்துறைப் பக்கத்தில் ஈமுக் கோழி வளர்ப்புத் திட்டங்கள் சரிந்தபோது, நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டிய உழவர் பலர் தெருவில் நின்றனர். கொங்கு நாட்டு உழவர் கணக்கில் வல்லவர். ஒரு மாட்டை வாங்குமுன் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர். அவர்கூட, 'இப்பறவையின் இறைச்சியைத் தமிழ்நாட்டில் உண்பவர் யார்? முட்டையை வாங்குபவர் யார்? திங்கள்தோறும் வருகின்ற பணம் பறவையிலிருந்து வருகின்றதா, அடுத்துச் சேருகின்றவரின் பையிலிருந்து வருகின்றதா?' என்று கேட்க மறந்தார். பக்கத்துத் தோட்டத்தார் சேர்ந்துவிட்டார். திரைநடிகர் விளம்பரத்தில் சிரித்துவிட்டார். அதற்குமேல் கேள்வி எழவில்லை. தன் முதல் போய்விடும் என்ற நிலையிலும் மாந்தனின் 'ஏன்' வாய்மூடிவிடுமாயின், கூட்டத்தின் இழுப்பு எத்துணை வலியது என்பது தெளிவாகும்.

ஆயினும், பாலும் பணமும் மீண்டும் வரக்கூடியவை. மீளாதவையும் உள்ளன. தென்மாவட்டப் பள்ளிகள் சிலவற்றில் மாணவர்கள் தத்தம் சாதிக்குரிய வண்ணத்தில் கையில் கயிறு கட்டிக்கொண்டு வருகின்றனர் என்னும் செய்தி பல ஆண்டுகளாக வெளிவந்துகொண்டிருந்தது. 2019ஆம் ஆண்டில் பள்ளிக்கல்வித் துறையே அதனைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட நேர்ந்தது. 2023ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட குடும்பத்து மாணவன் ஒருவனை அவன் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அவனோடு படித்த மாணவர்களே. தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அமர்த்தப்பெற்ற, உயர்முறைமன்றத்தின் முன்னாள் நடுவர் சந்துரு தலைமையிலான ஒருவர் குழு, 2024ஆம் ஆண்டு சூன் திங்களில் அரசுக்கு அறிக்கை தந்தது. கைக்கயிறு போன்ற சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

பதினேழு அகவை மாணவன் ஒருவன் கையிலுள்ள அக்கயிற்றை யார் கட்டினார்? அவன் எண்ணிக் கட்டிக்கொண்டானா? தன் வகுப்பில் தனக்கு முன் இருக்கையில் அமர்ந்திருப்பவன் தன்னைவிட எவ்வகையில் தாழ்ந்தவன் என்று அவன் ஒரு நாழிகை அமர்ந்து ஆராய்ந்திருப்பானாயின், அரிவாள் எடுத்திருக்க முடியுமா? ஆராயாமல் நட்ட நோய்க்கன்று அது. தந்தை தோட்டத்திலிருந்து மகன் தோட்டத்திற்கு, மகன் தோட்டத்திலிருந்து பேரன் தோட்டத்திற்குக் கிழங்கைச் சீவிப் பாராமலே கைமாறி வந்த கன்று. வாழைக்கன்றைப் புரட்டிப் பார்க்கின்ற தமிழன், தன் பிள்ளையின் நெஞ்சில் நடுகின்ற கன்றைப் புரட்டிப் பார்ப்பதில்லை! செருமனியில் இட்லரின் ஆணைப்படி யூதர்களைக் கொலைக்களங்களுக்கு ஏற்றி அனுப்பிய ஐக்குமன் என்பான், 1961ஆம் ஆண்டில் எருசலேம் முறைமன்றத்தில் நின்று தான் ஆணைக்குப் பணிந்தவனே என்று கூறினான். எண்ணாமை எளிய குற்றமன்று. எல்லாக் கொடுமைகளுக்கும் அதுவே கைக்கருவி என்பதற்கு அவ்வழக்கு உலகச் சான்று.

இவ்வாறு சொல்லிக்கொண்டே போனால், தமிழன் என்றும் இப்படித்தான் என்னும் சோர்வு படிப்பவர்க்கு வரக்கூடும். அச்சோர்வுக்கும் சேவுகம்பட்டியின் பக்கத்திலேயே மருந்து உண்டு. அவ்வூருக்கு அண்மையிலுள்ள பட்டிவீரன்பட்டியில் 1893ஆம் ஆண்டில் பிறந்தவர் ஊ.பு.அ. சவுந்தரபாண்டியனார். செல்வக் குடும்பம், மலைத்தோட்டங்கள், ஊரில் மதிப்பு. கேள்வி கேட்காமல் வாழ்ந்து முடிப்பதற்கு அவரைவிடத் தகுந்த ஏந்து உடையவர் அரியர். இருந்தும் அவர் கேட்டார். 1920களின் இறுதியில் இராமநாதபுர மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்தபோது, ஒடுக்கப்பட்டோரைப் பேருந்தில் ஏற்றுவதில்லை என்னும் வழக்கத்தை அவர் கண்டார். பேருந்து முதலாளிகள், 'வழக்கம்' என்றனர். 'மற்றவர்கள் ஏறமாட்டார்கள்' என்றனர். அனைவரையும் ஏற்றாத பேருந்தின் உரிமம் பறிக்கப்படும் என்று அவர் ஆணையிட்டார். நூற்றாண்டுகள் முதிர்ந்த வழக்கம் ஒரு தாளின் முன் இறங்கி வந்தது. மற்றவர்கள் ஏறமாட்டார்கள் என்று சொல்லப்பட்டதே, அவர்கள் ஏறாமலா போயினர்? ஏறினர், இன்றும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றனர். 'ஊர் ஒப்பாது' என்பதன் உண்மையான பொருள், 'ஊரைக் கேட்டுப் பார்க்க ஒருவரும் துணியவில்லை' என்பதே.

1929ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாநிலத் தன்மதிப்பு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பெயருக்குப் பின்னே ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை அம்மாநாடு உதறச் சொல்லிற்று. தலைவரே தம் பட்டத்தை உதறினார். அவ்வொட்டை வெட்டியதால் அவர் குறைந்துவிடவில்லை. பெண்களுக்கு ஆண்களோடு ஒத்த சொத்துரிமை வேண்டும் என்றும் அம்மாநாடு தீர்மானித்தது. அன்று அது கேட்டோர் நகைத்த பேச்சு. தமிழ்நாட்டில் மகளிர்க்குப் பிறப்புவழிச் சொத்தில் ஒத்த பங்கு சட்டமானது 1989ஆம் ஆண்டில். இந்தியா முழுமைக்கும் அது வந்ததோ 2005ஆம் ஆண்டில். முன்னதற்கு 60 ஆண்டுகள்; பின்னதற்கு 76 ஆண்டுகள். சிலர் எண்ணிவிட்டதைப் பலர் ஒப்புக்கொள்வதற்கு ஆகும் காலம் அது. அந்தச் சிலர் அன்று எண்ணாமல் இருந்திருந்தால் அவ்வாண்டுக் கணக்கு தொடங்கியே இராது.

முன்னர்ச் சொன்ன ஆசு என்பாரின் ஆய்வில் மற்றொரு பகுதி உண்டு. அதனைப் பலர் எடுத்துச் சொல்வதில்லை. தவறான விடை சொல்லும் கூட்டத்தினிடையே, உண்மையைச் சொல்லும் ஒருவரை - ஒரே ஒருவரை - அவர் அமர வைத்துப் பார்த்தார். உடனே கூட்டத்திற்குப் பணிந்து சொல்லும் தவறு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. உண்மையைக் காண மாந்தனுக்குக் கண் இருக்கின்றது. அதனைச் சொல்ல அவனுக்கு வேண்டியது ஆயிரம் பேரின் துணையன்று, ஒருவரின் துணையே. ஓர் ஊரில் முதலில் வாய் திறக்கும் ஒருவர் தமக்காக மட்டும் பேசுவதில்லை. நெஞ்சுக்குள் அதையே எண்ணிக்கொண்டு வாய்மூடி நிற்கும் பலருக்காகவும் அவர் பேசுகின்றார். சவுந்தரபாண்டியனாரின் ஆணைக்கு இருந்த வலிமையும் இதுவே.

எல்லாவற்றையும் எல்லாரும் தாமே எண்ணி முடிவு செய்ய இயலுமா என்று சிலர் கேட்கலாம். அறுவை செய்கின்ற மருத்துவரின் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு எவரும் தாமே அறுத்துக்கொள்வதில்லையே என்று அவர்கள் சொல்வர். கேள்வி முறையானதே. பிறர் அறிவைப் பயன்கொள்வது வேறு. பிறரிடம் அறிவை அடகு வைப்பது வேறு. மருத்துவரிடம், 'இது என்ன நோய்? இம்மருந்து எதற்கு?' என்று கேட்கலாம். விடை பிடிக்காவிடின் வேறொரு மருத்துவரிடம் செல்லலாம். அவர் தவறு செய்தால் பொறுப்புக் கேட்கலாம். கேட்கவும், மாற்றவும், பொறுப்புச் சுமத்தவும் வழியிருக்கும் இடத்தில் வைக்கும் நம்பிக்கை அறிவின் பகுதியே. 'கேட்டாலே குற்றம்' என்று சொல்லும் இடத்தில் வைக்கும் நம்பிக்கை அடிமைத்தனம். இரண்டையும் பிரித்தறிய இந்த ஓர் அளவுகோல் போதும்.

தானே எண்ணுதல் என்பது எல்லாவற்றையும் மறுத்துப் பேசுவதும் அன்று. பெரும்பான்மை சொல்வதனாலேயே ஒன்றை ஏற்பவனும், பெரும்பான்மை சொல்வதனாலேயே அதனை மறுப்பவனும் ஒரே கயிற்றால் கட்டப்பட்டவர்களே. முன்னவன் முன்னால் இழுக்கப்படுகின்றான். பின்னவன் பின்னால் இழுக்கப்படுகின்றான்.

இக்கடுஞ்சொல் பிறர்க்கு மட்டும் உரியதென்று தமிழியக்கத்தார் எவரும் அமைதி கொள்ள வேண்டியதில்லை. மேடையில் கேட்ட சொற்றொடரை மறுமேடையில் ஒப்பிப்பவர், தலைவர் பெயரைச் சொன்னவுடன் ஆராய்ச்சியை முடித்துக்கொள்பவர், 'முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர்' என்று சொல்லிச் சான்று தேடும் உழைப்பிலிருந்து தப்பிப்பவர் ஆகியோர் இயக்கங்களுக்குள்ளும் இருக்கின்றனர். பிறமொழிச் சொல்லை விலக்கித் தமிழ்ச்சொல்லைச் சொல்வது தொடக்கமே. அச்சொல் எவ்வேரினின்று பிறந்தது, அப்பொருளுக்கு அது பொருந்துமா என்று ஆராய்ந்து சொல்பவரே தமிழ் வளர்க்கின்றார். ஆராயாமல் சொல்பவர் ஒரு கிளிக்கு வேறொரு சொல் பழக்கியவரே ஆவார். நாவில் தமிழ் இருந்து, தலையில் இரவல் எண்ணம் இருந்தால் யாது பயன்? எண்ணத் தெரியாதவன் எம்மொழி பேசினும் ஊமையே.

வள்ளுவப் பெருமான் இதனை எவ்வளவு இன்றியமையாததாகக் கருதினார் என்பதற்கு ஓர் உண்மை போதும். ஒரே கருத்தை அவர் ஈரிடங்களில் கூறுகின்றார். அறத்துப்பாலில் மெய்யுணர்தல் என்னும் அதிகாரத்தில், ஒரு பொருள் எத்தன்மையதாய்த் தோன்றினும் அதன் மெய்ம்மையைக் காண்க என்கின்றார். பொருட்பாலில் அறிவுடைமை என்னும் அதிகாரத்தில், ஒரு பொருளை யார் சொல்லக் கேட்பினும் அதன் மெய்ம்மையைக் காண்க என்கின்றார். தோற்றத்திலும் மயங்காதே, சொன்னவர் பெருமையிலும் மயங்காதே என்பதே இரண்டன் பிழிவு. 'யார் சொல்லக் கேட்பினும்' என்றவர் தம்மை விலக்கிவிட்டுச் சொல்லவில்லை. வள்ளுவர் சொன்னார் என்பதற்காகவே வள்ளுவரை ஏற்பவர், வள்ளுவரை மறுத்தவரே ஆகின்றார்.

இனிச் செய்யத்தக்கது யாது? பெரிய திட்டங்கள் தேவையில்லை. வீட்டில் பிள்ளை 'ஏன்' என்று கேட்கும்போது அடிக்காமல் இருப்பது முதற்பணி. விடை தெரியாவிட்டால், 'எனக்குத் தெரியவில்லை. இருவரும் தேடுவோம்' என்று சொல்வது இரண்டாம் பணி. அவ்வாறு சொல்லும் தந்தை பிள்ளையின் கண்ணில் தாழ்வதில்லை. கைப்பேசியில் ஒரு செய்தி வந்தவுடன் பிறர்க்கு அனுப்பாமல் ஓர் இரவேனும் நிறுத்தி வைத்து, 'இதனால் யாருக்கு ஆதாயம்?' என்று கேட்பது மூன்றாம் பணி. 1995இல் ஒரு பேச்சு நாடு முழுதும் பரவ ஒருநாள் ஆயிற்று; இன்று ஒரு நொடி போதும். ஆகலின், நிறுத்திப் பார்க்கும் பழக்கமும் அவ்வளவுக்கு விரைந்து வளர வேண்டும். ஊரவையிலோ கட்சிக் கூட்டத்திலோ குடும்பத்திலோ எல்லாரும் ஒரே குரலில் பேசும்போது, தன் கண் வேறொன்றைக் கண்டிருந்தால் அதனைப் பணிவோடும் தெளிவோடும் சொல்லிவிடுவது நான்காம் பணி. அவ்வாறு சொல்பவர் ஒருவர் இருந்தால் அவர் பக்கத்தில் போய் நிற்பது ஐந்தாம் பணி. அவரோடு ஒத்த கருத்து இல்லாவிடினும், அவரைச் சொல்ல விடுக என்று சொல்வதற்காகவேனும் நிற்க வேண்டும்.

மண்ணை இழந்த இனம் மண்ணை மீட்கலாம். ஆட்சியை இழந்த இனம் ஆட்சியை மீட்கலாம். எண்ணும் உரிமையைத் தானே விட்டுக்கொடுத்த இனம் மீட்பதற்கு எதுவுமில்லை. ஏனெனில், தான் இழந்தது எது என்பதே அதற்குத் தெரியாது. பிறர் பறித்த உரிமைக்குப் போராட்டம் போதும். தானே விட்டுவிட்ட உரிமைக்கு விழிப்பு வேண்டும்.

அடுத்த தை மூன்றாம் நாளும் சேவுகம்பட்டியில் பழங்கள் பறக்கும். கூட்டத்தின் நடுவே, தந்தையின் தோளில் அமர்ந்திருக்கும் குழந்தை ஒன்று, 'அப்பா, ஏன் பழத்தை வீசுகின்றார்கள்?' என்று கேட்கும். 'எல்லாரும் வீசுகின்றார்கள், அதனால்தான்' என்று அவர் சொன்னால், அக்குழந்தை ஒரு பழத்தைப் பெற்று ஒரு கேள்வியை இழக்கும். 'நீ என்ன எண்ணுகின்றாய்? சொல், கேட்போம்' என்று அவர் திருப்பிக் கேட்டால், கன்றைப் புரட்டிப் பார்க்கும் அந்தக் கை தன் பிள்ளைக்கும் அக்கலையைக் கற்றுக் கொடுத்ததாகும். தமிழ்க் குடும்பங்களில் அவ்வாறு திருப்பிக் கேட்கும் தந்தையரும் தாயரும் பெருகுக!